கைபேசி வீடியோவை வைத்து வண்டியின் வேகத்தை அளப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், குறிப்பாக சாட்ஸ்வொர்த் பகுதி மாதிரி மேடும் இறக்கமுமான இடங்களில், மினிபஸ் டாக்சி ஒன்று சரிவில் இறங்கினால் போதும், வாசலில் நிற்கிறவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு வேகம் சொல்வார்கள். ஊருக்குள் பொதுவான வரம்பு மணிக்கு 60 கிமீ. வண்டி நிஜமாக எவ்வளவில் வருகிறது என்பதை ஒரு கைபேசியும் அளவு நாடாவும் இருந்தால் நீங்களே கண்டுபிடிக்கலாம்.

முதலில், சாலையை நேர் குறுக்காகப் பார்க்கிற மாதிரி கைபேசியை மதில்மேல் அசையாமல் வையுங்கள். கையில் பிடித்தால் மொத்தக் காட்சியும் ஆடும், அப்புறம் நகர்வது வண்டியா மரமா என்று பிரிக்க முடியாது. விநாடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 தனித்தனிப் படங்கள், போதும். பகலில் எடுங்கள், வெளிச்சம் குறைந்தால் பல கைபேசிகள் ஃபிரேம் எண்ணிக்கையைத் தாமாகவே குறைத்துவிடும்.

இரண்டாவது தூரம். பலரும் சறுக்குவது இங்கேதான். எதிர்ப்பக்க நடைபாதையில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே 20 மீட்டர் இருக்கிறது என்று வையுங்கள். வண்டி கம்பங்களை ஒட்டி ஓடவில்லை, உங்களுக்குக் கொஞ்சம் அருகில் ஓடுகிறது. கேமராவிலிருந்து கம்ப வரிசை 20 மீட்டர், வண்டி ஓடும் தடம் 15 மீட்டர் என்றால், திரையில் ஒரு கம்பத்திலிருந்து மறு கம்பத்துக்குப் போவதற்குள் வண்டி நிஜத்தில் கடப்பது 15 மீட்டர்தான். இந்த விகிதத்தை விட்டுவிட்டால் 60இல் வருகிறவரை 80இல் வந்ததாகச் சொல்லிவிடுவீர்கள், பாவம்.

சரி, இனி எண்ண வேண்டியதுதான். கணினியில் வீடியோ பார்க்கும் விஎல்சி பிளேயரில் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ஒரு ஃபிரேம் நகரும். முன் பம்பர் முதல் கம்பத்தைத் தொட்டதிலிருந்து இரண்டாவதைத் தொடும்வரை 27 ஃபிரேம் என்றால் 0.9 விநாடி. 15ஐ 0.9ஆல் வகுத்தால் விநாடிக்கு 16.7 மீட்டர், அதை 3.6ஆல் பெருக்கினால் மணிக்கு 60 கிமீ. ஒரு ஃபிரேம் தவறினால் 2 கிமீ முன்னே பின்னே வரும், அவ்வளவுதான். இது சராசரி வேகம் என்பதால், வேகத்தடைக்கு முன்னால் பிரேக் போடும் இடத்தில் அளக்காதீர்கள்.

எண்ண அலுப்பாக இருந்தால் பைத்தான் என்ற நிரல் மொழியும், படங்களை அலசும் ஓப்பன்சிவி என்ற நிரல் தொகுப்பும் இருக்கின்றன. அடுத்தடுத்த இரண்டு ஃபிரேம்களைச் சாம்பல் நிறமாக்கி, ஒவ்வொரு புள்ளியின் மதிப்பையும் ஒன்றிலிருந்து ஒன்று கழியுங்கள். 0 முதல் 255 வரையுள்ள அளவில் வித்தியாசம் 25க்குள் இருந்தால் தள்ளிவிடலாம், மிச்சம் இருப்பது நகர்ந்த பொருள். காற்றில் ஆடும் மாமரக் கிளையையும் அது நகர்வு என்றே சொல்லும், அதனால் முழுப் படத்தையும் பார்க்க விடாமல், கம்பங்கள் இருக்கும் இரண்டு ஒல்லிப் பட்டைகளை மட்டும் பார்க்க வையுங்கள். மாலையில் வண்டியின் நிழல் முந்திக்கொண்டு வந்தாலும் கவலை இல்லை, இரண்டு கம்பத்திலும் அதே அளவு முந்துவதால், ஒரு பட்டையில் நகர்வு தெரிந்த நேரத்தை மற்றதன் நேரத்திலிருந்து கழிக்கும்போது அது அடிபட்டுப் போகும்.