தட்டை நிலத்துக் கால்களோடு மலை உச்சி ஓட்டம்: வன்னியில் இருந்து தொடங்குபவர்களுக்கு

கிளிநொச்சிப் பக்கத்தில் ஏற்றம் என்று சொல்ல இரணைமடுக் குளக்கட்டை விட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை. மாங்குளம், மல்லாவி, ஒட்டுசுட்டான், நெடுங்கேணி என்று எங்கே போனாலும் வயல், காடு, குளம். இங்கே பழகிக்கொண்டு மலை உச்சி ஓட்டத்துக்குப் போகலாமா என்று இளம் பிள்ளைகள் கேட்பதுண்டு. தாராளமாகப் போகலாம். ஆனால் ஏ9 வீதியில் பத்துக் கிலோமீற்றரைப் பறந்து முடிக்கிறேன் என்ற தைரியம் மட்டும் மலையில் காணாது. அங்கே கை கொடுப்பது விடாமல் ஏறுகிற நடை. கீழே சொல்லியிருப்பதில் பாதிக்கு மேல் அந்த நடையை எப்படிப் பழகுவது என்பதுதான்.

நிற்காமல் ஐந்து கிலோமீற்றர் மெதுவாக ஓடக்கூடியவருக்கு மூன்று மாதப் பயிற்சி போதும். அது இன்னும் முடியவில்லை என்றால் முதலில் அதைச் சரிப்படுத்திக்கொண்டு வாருங்கள்.

படி 1: எந்த மாதிரி ஓட்டம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மலை ஓட்டத்தில் பெரிய பிரிவு இரண்டு. உச்சியோடு முடிவது ஒன்று, உச்சிக்குப் போய்த் திரும்பி வருவது மற்றது. அமெரிக்காவின் மவுண்ட் வாஷிங்டன் ஓட்டம் முதல் வகை: சுமார் 12 கிலோமீற்றர் மலை வீதி, 1,917 மீற்றர் உயரத்தில் முடியும். வேல்ஸில் 1976 முதல் நடக்கும் ஸ்னோடன் ஓட்டம் இரண்டாவது வகை. கொலராடோவின் பைக்ஸ் பீக்கில் இரண்டுமே உண்டு. ஒரு நாள் ஏற்றம் மட்டும், இன்னொரு நாள் ஏறி இறங்கும் மரதன். இவை தவிர ‘செங்குத்துக் கிலோமீற்றர்’ என்ற ஒன்றும் இருக்கிறது. ஐந்து கிலோமீற்றருக்கு மேற்படாத தூரத்துக்குள் ஆயிரம் மீற்றர் உயரம் ஏற வேண்டும்.

முதல் தடவை போகிறவர் ஏற்றத்தோடு முடிகிற ஓட்டத்தைத் தெரிவு செய்வது நல்லது என்பது என் எண்ணம். ஏற்றத்தில் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். முழங்காலும் கணுக்காலும் பழுதாகிறது பெரும்பாலும் இறக்கத்தில்.

படி 2: தூரத்தை மற, உயரத்தைப் பார்

பதிவுப் படிவத்தில் மூன்று எண்களைத் தேடுங்கள்: தூரம், மொத்த ஏற்றம், ஓட்டத்தை முடிக்க வேண்டிய கடைசி நேர எல்லை. நடுவில் இருப்பதுதான் முக்கியம்.

உங்களுக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்று பார்க்க மலையேறுபவர்களிடம் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ஐந்து கிலோமீற்றருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீற்றர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். ஐந்து கிலோமீற்றரில் ஆயிரம் மீற்றர் ஏற வேண்டும் என்றால் 2 மணி 40 நிமிடம் வரும். இது நடந்து போகிறவரின் கணக்கு. கடைசி நேர எல்லை இதை விட அதிகமாக இருந்தால் யோசிக்காமல் பதியுங்கள். குறைவாக இருந்தால் இந்த வருடம் விட்டுவிட்டு வேறொன்று பாருங்கள்.

ஒரு கிலோமீற்றருக்கு எத்தனை நிமிடம் என்ற கணக்கை மலையில் மறந்துவிட வேண்டும். பைக்ஸ் பீக் ஏற்றத்தின் சாதனையை 2023இல் சுவிட்சர்லாந்தின் ரெமி பொன்னே 2 மணி 20 விநாடியில் வைத்தார். ஏறக்குறைய 21 கிலோமீற்றர், 2,300 மீற்றருக்கு மேல் ஏற்றம். கணக்குப் பார்த்தால் கிலோமீற்றருக்கு ஐந்தரை நிமிடத்துக்கும் மேல். எங்கள் பாடசாலை அணிப் பையன்கள் மாலையில் கதைத்துக்கொண்டு ஓடுகிற வேகம் அது.

படி 3: நடக்கப் பழகுங்கள்

சரிவு ஏறக்குறைய 15 பாகையைத் தாண்டினால், அதே வேகத்தில் ஓடுவதை விட நடப்பதற்குச் சக்தி குறைவாகச் செலவாகும். இது ஆய்வுகூடத்தில் அளந்து பார்த்த விஷயம். ஆகவே நடப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, முன்னுக்குப் போகிறவர்களும் செங்குத்தான இடத்தில் நடக்கிறார்கள்.

நடை என்றால் கோயிலுக்குப் போகிற நடை இல்லை. உடம்பைச் சற்று முன்னுக்குச் சாயுங்கள். இடுப்பில் மடிய வேண்டாம், கணுக்காலில் இருந்து சாய வேண்டும். அடி சின்னதாக இருக்கட்டும். செங்குத்து கூடினால் இரண்டு உள்ளங்கையையும் தொடையில், முழங்காலுக்குச் சற்று மேலே வைத்து, ஒவ்வொரு அடிக்கும் அமர்த்தித் தள்ளுங்கள். முதுகு வளையத்தான் செய்யும், பரவாயில்லை. நாற்று நட்டுப் பழகிய முதுகு என்றால் நோவே தெரியாது.

எப்போது ஓடுவது, எப்போது நடப்பது? மூச்சைக் கேளுங்கள். ஒரு முழு வசனம் பேச முடிந்தால் ஓடலாம். இரண்டு சொல்லுக்கு மேல் வராவிட்டால் நடைக்கு மாறுங்கள். களைத்து விழுந்த பிறகு நடக்கத் தொடங்குவதில் பயன் இல்லை, அதற்கு முன்னரே மாற வேண்டும்.

படி 4: வன்னியில் ஏற்றத்தை எங்கே தேடுவது?

முதலாவது குளக்கட்டு. ஊருக்கு ஒரு குளம் இருக்கிற நாடு இது, உங்கள் வீட்டுக்குக் கிட்ட ஒன்று கட்டாயம் இருக்கும். கட்டுக்கு ஏறுகிற படியையோ கிரவல் பாதையையோ பாவியுங்கள். புல்லில் ஒரே கோட்டில் ஏறி இறங்கினால் மாரியில் அந்தத் தடத்தால் தண்ணீர் ஓடிக் கட்டை அரிக்கும். தண்ணீர்ப் பக்கம் அடுக்கியிருக்கிற கல்லில் ஏற வேண்டாம். கல் புரளும், சில குளங்களில் முதலையும் உண்டு.

கட்டு எட்டு மீற்றர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் மீற்றர் ஏற 125 தடவை ஏற வேண்டும். பயப்படாதீர்கள், ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. முதல் இரண்டு கிழமை பத்துத் தடவை, அப்புறம் கிழமைக்கு ஐந்து ஐந்தாகக் கூட்டுங்கள். பத்தாவது கிழமையில் ஐம்பது வரும். ஏறும்போது உறுதியாக ஏறி, இறங்கும்போது ஆறுதலாக இறங்குங்கள்.

இரண்டாவது மாடிப்படி. பாடசாலையிலோ பிரதேச செயலகத்திலோ இரண்டு மூன்று மாடிக் கட்டடம் இருந்தால் விடுமுறை நாளில் அனுமதி கேட்டுப் பாருங்கள். தோளில் ஐந்து கிலோ அரிசியைப் பையில் போட்டுக்கொண்டு இரண்டிரண்டு படியாக நடந்து ஏறுங்கள், ஓட வேண்டாம். முப்பது நிமிடம் செய்தால் தொடை எரியும்.

மூன்றாவது காற்று. வைகாசி தொடக்கம் சோளகம் அடிக்கிற மாதங்களில் வயல்வெளி வீதியில் காற்றுக்கு எதிரே ஓடினால் தட்டை நிலமே ஏற்றமாகிவிடும். அரை மணி எதிர்க்காற்று, பிறகு காற்று தள்ள வீட்டுக்குத் திரும்பலாம். கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு முல்லைத்தீவு மணல் இருக்கிறது. கெண்டைக்காலுக்கு அதை விட நல்ல வாத்தியார் இல்லை.

உண்மையான ஏற்றம் வேண்டும் என்றால் வவுனியாவில் இருந்து ஏ9 வழியாகத் தெற்கே போய் மிகிந்தலைக்குப் போகலாம். அங்கே 1,840 படிகள் என்று சொல்வார்கள். புனித இடம் என்பதால் விடியற்காலையில், வழிபட வருகிறவர்களுக்கு வழி விட்டு, நடந்தே ஏறுங்கள். மேல் முற்றத்துக்குப் போக முன் சப்பாத்தைக் கழற்ற வேண்டும்.

ஓட்டத்துக்கு ஒரு மாதம் முன்பு முடிந்தால் ஒரு தடவை சிவனொளிபாதமலை ஏறிவிட்டு வாருங்கள். உச்சி 2,243 மீற்றர். நல்லதண்ணியில் இருந்து ஏறக்குறைய ஆயிரம் மீற்றர் ஏற்றம், பெரும்பகுதி படி. டிசம்பர் பௌர்ணமி முதல் மே வெசாக் வரை யாத்திரைக் காலம். போயா நாளையும் சனி ஞாயிறையும் தவிர்த்தால் கூட்டம் குறைவு. மற்ற மாதங்களில் மழையும் அட்டையும் அதிகம்.

எங்கே பழகினாலும் ஊர்ப் புத்தியை விட வேண்டாம். விடியமுன் காட்டுப் பாதையில் தனியே ஓடாதீர்கள், யானை நடமாட்டம் இருக்கும். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பக்கம் ஒற்றையடிப் பாதை எவ்வளவு ஆசையாகத் தெரிந்தாலும் உள்ளே இறங்கக்கூடாது. முல்லைத்தீவுப் பக்கம் பழகுகிறவர்கள் இதை இரண்டு தடவை வாசியுங்கள்.

கிழமைக்கு நான்கு நாள் போதும். ஒரு நாள் குளக்கட்டு, ஒரு நாள் மாடிப்படி, ஒரு நாள் மெதுவான ஓட்டம், ஞாயிறு காலை ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஓட்டமும் நடையும் கலந்து. நான்காவது கிழமை தோறும் அளவைப் பாதியாகக் குறையுங்கள்.

படி 5: இறக்கம்

இறங்கும்போது தொடைத் தசை நீண்டபடியே பாரத்தைத் தாங்குகிறது. நோவு அன்றைக்கு வராது, அடுத்த நாளும் அதற்கு அடுத்த நாளும் வரும். நல்ல செய்தி, ஒரு தடவை அந்த நோவைப் பட்டுவிட்டால் சில கிழமைக்குத் தசை அதை நினைவில் வைத்திருக்கும். எனவே ஓட்டத்துக்கு இரண்டு மூன்று கிழமை முன்பு ஒரு நாள் குளக்கட்டில் இறக்கத்தை மட்டும் வேகமாகச் செய்யுங்கள். அடி குறுகியதாக, முழங்கால் சற்று மடிந்து, பார்வை மூன்று நான்கு காலடி தூரம் முன்னுக்கு இருக்கட்டும். பின்னுக்குச் சாய்ந்தால்தான் வழுக்கும்.

படி 6: உடம்பும் சாமானும்

பதிய முன் அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரஷரும் இரத்தமும் பார்த்துக்கொள்ளுங்கள், காசு இல்லை. வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளில் காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று காட்டுகிற கிரியேட்டினினையும் சேர்த்துப் பார்ப்பது புத்தி. இன்னொன்று: ஓட்டத்துக்கு முன்போ நடுவிலோ இபுபுரோபன், டைக்குளோபினாக் போன்ற நோக் குளிசை போடவே கூடாது. தண்ணீர் குறைந்த உடம்பில் அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

சப்பாத்தின் அடியில் பிடி இருக்க வேண்டும், பெருவிரலுக்கு முன் ஒரு விரல் அகலம் இடம் வேண்டும். கால் நகத்தை வெட்டுங்கள். புதுச் சப்பாத்தை ஓட்ட நாளில் முதல் தடவை போட வேண்டாம். மற்றபடி மெல்லிய மழை அங்கி, நீளக் கை உடுப்பு ஒன்று, அரை லீற்றர் போத்தல். கடைகளில் விற்கிற விலை கூடிய ஜெல் வாங்கத் தேவையில்லை. பனங்கட்டித் துண்டு, பேரீச்சம்பழம், வாழைப்பழம் போதும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து உள்ளே போனால் சரி. ஜீவனி என்ற உப்புக் கரைசல் பைக்கற்றை அதில் சொல்லியிருக்கிற அளவுத் தண்ணீரிலேயே கரையுங்கள்.

படி 7: குளிரும் மெல்லிய காற்றும்

ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஆறு ஏழு பாகை குறையும். வன்னி வெயிலில் பழகிய உடம்புக்கு இதுதான் அதிர்ச்சி. ஏறும்போது தெரியாது, உச்சியில் நனைந்த பெனியனோடு நின்றால் ஐந்து நிமிடத்தில் பல் அடிக்கும். 2,200 மீற்றரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தை விட ஏறக்குறையக் கால்பங்கு குறைவு. மலை நோய் பொதுவாக 2,500 மீற்றருக்கு மேல்தான் தொடங்கும், ஆகவே இலங்கை மலைகளில் மூச்சு சற்று முந்தி வாங்கும், அவ்வளவே. மலேசியாவின் கினபாலு, பைக்ஸ் பீக் போன்ற நாலாயிரம் மீற்றர் மலைகளுக்குப் போகிறவர்கள் சில நாள் முன்னரே போய் உடம்பைப் பழக்க வேண்டும். எங்கே என்றாலும் தலையிடி, வாந்தி, தடுமாற்றம் வந்தால் ஒரே மருந்து, கீழே இறங்குவது.

மலைநாட்டுக்குப் போகிறவர்கள் இரவு பஸ்ஸில் முழித்துக்கொண்டு போய் விடிய ஓடாதீர்கள். முதல் நாளே போய் ஒரு இரவு படுத்து எழும்புங்கள். கண்டி வரை ஏ9, பிறகு ஹற்றன் பஸ் என்று மாறி மாறிப் போவதே ஒரு நாளைத் தின்றுவிடும்.

படி 8: ஓட்ட நாள்

புட்டோ சோறோ எது உங்கள் வயிற்றுக்குப் பழக்கமோ அதை இரண்டரை மணி நேரம் முன்பு அளவாகச் சாப்பிடுங்கள். கொத்துரொட்டி ஆசை ஓட்டம் முடிந்த பிறகு. இலக்கத் தாளை நெஞ்சுப் பக்கம் குத்துங்கள். வரிசையில் பின்னுக்கு நில்லுங்கள். முதல் கிலோமீற்றரில் எல்லோரும் உங்களைத் தாண்டிப் போவார்கள், போகட்டும். பாதி மலையில் அவர்களில் பாதிப் பேர் இடுப்பில் கை வைத்து நிற்பார்கள்.

இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு மிடறு தண்ணீர், ஒரு கடி பனங்கட்டி. ஒற்றையடிப் பாதையில் பின்னால் வருகிறவர் வழி கேட்டால் ஒதுங்கிக் கொடுங்கள். விழுந்து கிடப்பவரைக் கண்டால் நின்று பார்த்து, அடுத்த தண்ணீர்ப் பந்தலில் சொல்லுங்கள். உறைகளைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள்.

உச்சியில் படம் எடுக்க முன் நனைந்த பெனியனை மாற்றி, நீளக் கை உடுப்பைப் போடுங்கள். ஏற்றத்தோடு முடிகிற ஓட்டம் என்றால் இறங்க வாகனம் விடுகிறார்களா, நடந்துதான் வர வேண்டுமா என்று பதியும்போதே கேட்டு வைத்திருக்க வேண்டும். ஊருக்கு வந்து ஒரு கிழமை ஓட வேண்டாம், சைக்கிள் மிதித்தால் போதும். நோவு போன பிறகு குளக்கட்டுக்குப் போகலாம்.