யாருடைய சுவர் என்று பார்த்துப் பேசுங்கள்: ஓவியக் கண்காட்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

படத்தைத் தொடாதீர்கள், செல்பி எடுக்கும்போது சிற்பத்தை இடிக்காதீர்கள் என்பதையெல்லாம் வாசலிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அதை விட்டுவிடுகிறேன். சென்னையில் கண்காட்சிகளுக்குப் படம் மாட்டிக் கொடுப்பது என் வேலை. ஏணிமேல் நின்றால் கீழே பேசுவதெல்லாம் காதில் விழும். அந்தக் காலத்தில் நாங்கள் செய்த அதே கோளாறுகளைப் புதிதாக வருகிறவர்களும் அச்சு மாறாமல் செய்கிறார்கள்.

திறப்பு விழாவோடு முடித்துக்கொள்வது

குத்துவிளக்கு, பொன்னாடை, சிறப்பு விருந்தினர் பேச்சு, சமோசா. அன்றைக்குப் படங்களைவிட முதுகுகளைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். விழாவுக்கு வாருங்கள், நாலு பேரைப் பழகிக்கொள்ளுங்கள். படம் பார்க்க வார நாளில் காலை 11 மணிக்கு இன்னொரு முறை வாருங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை, முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய். தனியார் கேலரிகளுக்கு ஒரு போன் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கடைசி நாள் சாயங்காலம் போவது

படங்களை இறக்கி ஏற்றிப் போக மூன்று மணிக்கே டெம்போ வந்து நிற்கும்.

கேலரிக்குத் தெரியாமல் விலை பேசுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு தனியார் கேலரி. கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் படித்த பையனுக்கு முதல் தனிக் கண்காட்சி. ஒருவர் விலைப்பட்டியலை வாங்கிப் பார்த்தார். படம் 40,000 ரூபாய். பையனைப் படிக்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். "கேலரிக்கு எப்படியும் பாதி போயிரும்ல தம்பி? இது முடியட்டும், நான் வீட்டுக்கே வந்து 25,000 கையில தர்றேன்." தம்பி தலையாட்டினான். விற்றுவிட்டது என்று காட்டும் சிவப்புப் பொட்டு ஒட்டாமலே அந்தப் படம் கீழிறங்கியது.

சில மாதம் கழித்து வாங்கியவரே அதைத் தன் வரவேற்பறையில் மாட்டி இன்ஸ்டாகிராமில் போட்டார். கேலரிக்காரர் பார்த்தார். சண்டையெல்லாம் இல்லை. அடுத்த குழுக் கண்காட்சிப் பட்டியலில் பையன் பெயர் இல்லை, அவ்வளவுதான். வாங்கியவருக்காவது லாபமா என்றால் அதுவும் இல்லை. ரசீது கிடையாது, ஓவியர் கையெழுத்திட்ட சான்றிதழ் கிடையாது. நாளைக்கு அந்தப் படத்தை விற்கப் போனால் எதைக் காட்டுவார்?

கேலரி எடுக்கும் பங்கு பொதுவாக மூன்றில் ஒன்றிலிருந்து பாதி வரை போகும். கேட்டால் கொள்ளை மாதிரித்தான் இருக்கும். வாடகை, விளக்கு, அழைப்பிதழ், கேட்லாக், என் கூலி எல்லாம் அதிலிருந்துதான். விலை அதிகமென்று பட்டால் மேசையில் இருப்பவரிடமே, "கொஞ்சம் குறைப்பீங்களா, ரெண்டு தவணையாத் தரலாமா?" என்று கேளுங்கள். கேட்பதில் ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை, பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள்.

எல்லா இடத்திலும் இப்படி இல்லை. கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதெமியில் ஓவியர்களே கூடத்தை வாடகைக்கு எடுத்து மாட்டும் கண்காட்சிகள் உண்டு. அங்கே ஓவியர்தான் முதலாளி, நேராகவே பேசலாம். ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலத்தில், 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கிய அந்த ஓவியர் கிராமத்தில், ஓவியர்களின் வீடும் பட்டறையும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆனால் அங்குள்ள கூடத்தில் நடப்பதை யார் நடத்துகிறார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எழுத்தைப் படிக்கப் பார்ப்பது

பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் மலையாள எழுத்துபோல, ஜாதகக் கட்டம்போல ஏதேதோ தெரியும். படிப்பதற்காகப் போட்டதல்ல. தள்ளி நின்று பாருங்கள்.

"பிரிண்ட்தானே" என்று நகர்ந்துவிடுவது

கீழ் ஓரத்தில் பென்சிலால் 4/15 என்று இருந்தால் 15 பிரதிகளில் நாலாவது என்று அர்த்தம். ஆனால் இப்போது கணினி அச்சுக்கும் எண் போடுகிறார்கள், எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். எட்சிங் என்றால் பக்கவாட்டிலிருந்து பாருங்கள்: உலோகத் தகடு அழுத்திய பள்ளம் படத்தைச் சுற்றிக் காகிதத்தில் தெரியும். தகட்டை அமிலத்தில் அரித்து, மை தேய்த்து, துடைத்து, ஒவ்வொன்றாக அழுத்தி எடுத்தது அது. கையில் காசு குறைவாக இருப்பவர்கள் முதலில் வாங்க இதைவிட நல்லது இல்லை என்பேன்.

"இதுக்கு என்ன அர்த்தம்?"

வேண்டாம். எப்படிச் செய்தார் என்று கேளுங்கள், அரை மணி நேரம் பேசுவார்.

வருகைப் பதிவேட்டைத் தாண்டிப் போவது

எண்ணை எழுதினால் அடுத்த அழைப்பு வாட்ஸ்அப்பில் வந்துவிடும். எந்தப் படம் பிடித்தது என்றும் எழுதுங்கள். 'சூப்பர்' என்று ஏற்கெனவே ஐம்பது பேர் எழுதியாயிற்று.