இலங்கை நெருக்கடியைப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022இல் இலங்கைப் பொருளாதாரம் ஏன் விழுந்தது என்று கேட்டால் சிலர் சீனக் கடன் என்பார்கள், சிலர் கொரோனா, சிலர் இரசாயன உரத்துக்கு அரசு போட்ட தடை. மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் எதுவும் தனியாக நின்று ஒரு நாட்டை முறிக்கவில்லை. சீனாவிடம் வாங்கியதைவிட, 2007 முதல் சர்வதேசச் சந்தையில் பத்திரங்களை விற்று வாங்கிய கடன்தான் அதிகம்.

இதைவிடப் பெரிய தவறு, வரியை வெறும் கணக்கு வழக்காகப் பார்ப்பது. 2019 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தலில் வென்ற கோட்டாபய ராஜபக்ச, வாக்குறுதி கொடுத்தபடியே 15 சதவீதமாக இருந்த வற் வரியை (பொருள், சேவைகளின் விலையோடு சேரும் பெறுமதி சேர் வரி) 8 ஆக்கினார். ஆண்டுக்கு 1.2 கோடி ரூபாய் விற்பனை இருந்தாலே வியாபாரங்கள் வற் வரிக்குப் பதிய வேண்டும் என்ற வரம்பு 30 கோடியானது. சில மாதங்களில் பாராளுமன்றத் தேர்தல். அவரது அணிக்கு 225இல் 145 இடங்கள். வாக்கு கிடைத்தது, வருமானம் போனது. 2020இல் நாட்டின் கடன் தரமும் (கடனைத் திருப்பிக் கட்டும் திறனுக்கான மதிப்பீடு) இறங்க, வெளியில் கடன் வாங்கும் கதவு மூடியது. மத்திய வங்கி பணத்தை அச்சடித்தது.

டொலர் விலையை ஏதோ வங்கிக்காரர்களின் விவகாரம் என்று ஒதுக்குவதும் சரியில்லை. டொலர் ஏறினால் இறக்குமதிப் பொருட்களின் விலை ஏறும்; விலைவாசி ஏறினால் மக்களின் கோபம் அரசின் மேல்தான் திரும்பும். அதனால் டொலரைச் சுமார் 200 ரூபாயிலேயே பிடித்து வைத்தார்கள். வளைகுடாவில் உழைப்பவர் வங்கி வழியாக அனுப்பினால் அந்த 200தான்; உண்டியலில் (வங்கிக்கு வெளியே தனியார் முகவர் வழியாக) அனுப்பினால் வீட்டுக்கு அதைவிட அதிகம் வரும். வீட்டில் அடுப்பெரிய வேண்டியவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? அந்தக் குடும்பங்களைத் தேசத் துரோகிகள்போலப் பேசுவது அநியாயம். வங்கிக்கு வரவேண்டிய டொலர் வராததால் எரிபொருளுக்கும் மருந்துக்கும் காசில்லை. 2022 மார்ச்சில் பிடியை விட்டதும் சில வாரங்களில் டொலர் 300ஐத் தாண்டியது. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. ஜூலையில் ஜனாதிபதி நாட்டைவிட்டே ஓடினார்.

சரி, ஆளை மாற்றினால் எல்லாம் மாறிவிடும் என்று நம்பலாமா? நெருக்கடிக்குப் பின் கடன் கொடுத்த சர்வதேச நாணய நிதியத்தின் (IMF) நிபந்தனைகளை விமர்சித்து வந்த அநுர குமார திசாநாயக்க 2024 செப்டம்பரில் ஜனாதிபதியானார். ஆனாலும் நிதியத்தின் திட்டத்திலிருந்து அவர் விலகவில்லை. 2024 ஜனவரியில் 18 சதவீதமான வற் வரியும் அப்படியே இருந்தது. மாதம் 1 லட்சம் ரூபாயாக இருந்த வருமான வரி விலக்கு வரம்பை 1.5 லட்சமாக உயர்த்தினார், அதுவும் நிதியத்தோடு பேசி உடன்பட்ட பிறகு.