பொருத்திவிட்டால் சொல் தெரிந்துவிட்டதா? ஆங்கிலச் சொல்வளப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் எந்தப் பெரிய புத்தகக் கடைக்குப் போனாலும் தொடக்கநிலை 1 முதல் 6 வரை ஆங்கிலச் சொல்வளத்துக்கென்றே அசெஸ்மென்ட் புத்தகங்கள் அடுக்கடுக்காக இருக்கும். பக்கத்தைத் திறந்தால் இடப்பக்கம் சொற்கள், வலப்பக்கம் பொருள் விளக்கங்கள், நடுவே கோடு போட்டு இணைக்க வேண்டும். புதுச் சொல்லை முதன்முதலாக அறிமுகப்படுத்த இது நல்ல பயிற்சிதான். ஆனால் பல வீடுகளில் அறிமுகத்தோடு வேலை முடிந்துவிடுகிறது. பக்கம் முழுக்க 'டிக்' விழுந்ததும் பெற்றோருக்கு நிம்மதி, அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். அதே பிள்ளை எழுதும் கட்டுரையைப் புரட்டினால் அந்தச் சொற்களில் ஒன்றுகூட இருக்காது. பத்தியில் விடுபட்ட சொற்களை நிரப்பும் முன்னுணர்வுக் கருத்தறிதலில் கோடிட்ட இடத்தைப் பார்த்துத் திகைத்து நிற்கும். அங்கே தேர்ந்தெடுக்கச் சொற்கள் கொடுக்கப்படுவதில்லையே.

ஆறுக்கு ஆறு என்னும் ஏமாற்றம்

ஆறு சொல், ஆறு விளக்கம் என்று சரிசமமாக இருக்கும் பயிற்சியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பிள்ளைக்கு ஐந்து சொல் தெரிந்தால் போதும், ஆறாவது தானாக விழும். நான்குதான் தெரியும் என்றால் மீதி இரண்டையும் குத்துமதிப்பாகப் போடும்போது இரண்டுமே சரியாக அமைய சரிபாதி வாய்ப்பு உண்டு. ஆக, நான்கு சொல் தெரிந்த பிள்ளையும் ஆறு சொல் தெரிந்த பிள்ளையும் ஒரே மதிப்பெண்ணோடு வரக்கூடும். இன்னொன்று: இப்படிப்பட்ட பயிற்சியில் ஒரே ஒரு விடை மட்டும் தவறாக முடியாது. ஒன்று இடம் மாறினால் இன்னொன்றும் மாறியே தீரும். மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைக்கு எது தெரியும், எது தெரியாது என்று முடிவுகட்ட முடியாது.

சொல்வள ஆய்வில் பெயர் பெற்ற நியூசிலாந்துப் பேராசிரியர் பால் நேஷன் 1983இல் வெளியிட்ட சொல்வள நிலைத் தேர்வில் ஒவ்வொரு தொகுதியிலும் ஆறு சொற்களும் மூன்றே மூன்று விளக்கங்களும் இருக்கும். மூன்று சொற்கள் பொருத்தப்படாமல் மிஞ்சும். கழித்துக் கழித்து விடையைப் பிடிக்கும் வழி அங்கே பெருமளவு அடைபட்டுவிடும். வீட்டிலும் இதைச் செய்யலாம், செலவே இல்லை. புத்தகத்தில் உள்ள ஆறு விளக்கங்களில் மூன்றை ஒரு தாளால் மூடிவிட்டுப் பிள்ளையைப் பொருத்தச் சொல்லுங்கள். வழக்கமாக வரும் முழு மதிப்பெண் உடனே குறையக்கூடும். பதற்றப்பட வேண்டாம், இப்போதுதான் உண்மை நிலவரம் தெரிகிறது.

விளக்கம் தெரியும், பழக்கம் தெரியாது

எனக்கு மிகவும் கவலை தரும் தவறு இதுதான். 'மெட்டிகுலஸ்' என்ற சொல்லுக்கு 'மிகவும் கவனமாக' என்று விளக்கம் கொடுத்திருக்கும். பிள்ளை சரியாகப் பொருத்திவிடும். மறுநாள் கட்டுரையில், சாலையைக் கடக்கும்போது 'மெட்டிகுலஸாக' இரு என்று அம்மா சொன்னதாக எழுதும். ஆசிரியர் சிவப்பு மையால் சுழிப்பார். பிள்ளைக்கு எதற்கென்றே புரியாது, ஏனென்றால் புத்தகத்தில் அதே பொருளுக்குத்தான் 'டிக்' வாங்கியது. அந்தச் சொல் திட்டமிடுதல், கணக்கு எழுதுதல், கைவேலை என ஒவ்வொரு சிறு நுணுக்கத்தையும் சரிபார்த்துச் செய்யும் காரியங்களோடு சேர்ந்து வரும். ஆபத்திலிருந்து தப்பிக்கும் கவனத்துக்கு ஆங்கிலத்தில் சாதாரண 'கேர்ஃபுல்' போதும்.

'ராப்', 'ஸ்டீல்' இரண்டுக்கும் இதே கதி. தமிழில் இரண்டையும் 'திருடு' என்றே எழுதிவைத்துக் கொள்கிறோம். ஆனால் ஆங்கிலத்தில் 'ராப்' என்பதை அடுத்து வருவது பறிகொடுத்த ஆளோ வங்கியோ. 'ஸ்டீல்' என்பதை அடுத்து வருவது களவுபோன பொருள். பையை 'ராப்' செய்தான் என்று எழுதினால் தவறு. பொருத்தும் பயிற்சி இந்த வேறுபாட்டைக் காட்டுவதே இல்லை, காட்டவும் இடமில்லை. அதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே ஒரு முழு வாக்கியத்தையும் எழுதவையுங்கள். பிள்ளை தானே இட்டுக்கட்டியதாக வேண்டாம், கதைப் புத்தகத்திலோ நல்ல அகராதியிலோ கண்ட வாக்கியமாக இருக்கட்டும். சொந்த வாக்கியம் பிறகு வரலாம்.

அகராதி என்றதும் ஒரு வார்த்தை. விளக்கமே சொல்லைவிடக் கடினமாக இருந்தால் பிள்ளை இரண்டையும் உருப்போட்டுவிடும், ஒன்றும் புரியாது. ஆங்கிலத்தைக் கற்போருக்கென்றே எழுதிய அகராதிகளை வாங்குங்கள். 1978இல் வந்த லாங்மேன் அகராதி ஏறத்தாழ 2,000 எளிய சொற்களைக் கொண்டே விளக்கங்களை எழுதியது. இன்று அப்படிப்பட்ட அகராதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஒரே நாளில் இரட்டையர்கள்

பல பயிற்சித்தாள்கள் ஒத்த பொருள் சொற்களையும் எதிர்ச்சொற்களையும் ஒரே பக்கத்தில் கொட்டுகின்றன. பார்க்க ஒழுங்காக இருக்கும், மனத்தில் குழம்பும். 'எமிக்ரேட்', 'இமிக்ரேட்' இரண்டையும் புதிதாக ஒரே மாலையில் படித்த பிள்ளைக்கு எது நாட்டைவிட்டுப் போவது, எது நாட்டுக்குள் வருவது என்பது நீண்ட நாள் தடுமாற்றமாகவே இருக்கும். முதலில் ஒன்று. அது நன்றாகப் பதிந்த பிறகு, ஓரிரு வாரம் கழித்து மற்றது.

ஒரு சொல்லுக்கு ஒரு விளக்கம் என்ற நம்பிக்கையையும் கைவிட வேண்டும். 'கண்டக்ட்' என்பது அறிவியல் பாடத்தில் மின்சாரத்தைக் கடத்துவது, பள்ளி அறிக்கையில் நடத்தை, செய்தியில் ஆய்வு நடத்துவது. நடத்தையைக் குறிக்கும் பெயர்ச்சொல்லாக வரும்போது சொல்லின் முதல் பகுதியிலும், வினைச்சொல்லாக வரும்போது இரண்டாம் பகுதியிலும் அழுத்தம் விழுகிறது. ஆகவே சொல்லை வாய்விட்டுப் படிக்காமல் கண்ணால் மட்டும் பார்த்துக் கோடு போடுவது இன்னொரு தவறு.

வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கும் இது பொருந்தும். இங்குள்ள அலுவலக மின்னஞ்சல்களில் 'ரிவர்ட்' என்றால் 'பதில் அனுப்புங்கள்' என்று எல்லாருக்கும் புரிகிறது. ஆங்கிலத் தேர்வில் அதற்குரிய விளக்கம் 'பழைய நிலைக்குத் திரும்புதல்'. இரண்டையும் தெரிந்துகொண்டு இடம் பார்த்துப் பயன்படுத்த வேண்டும்.

திசையை மாற்றுங்கள், இடைவெளி விடுங்கள்

சொல்லைப் பார்த்துப் பொருள் சொல்வது ஒரு திறன். பொருளைப் பார்த்துச் சொல்லைக் கொண்டுவருவது வேறொரு திறன், கட்டுரைக்கு வேண்டியது இரண்டாவதுதான். ஆகவே முதல் நாள் பொருத்தியதும் மறுநாள் சொற்களின் பக்கத்தை மூடிவிடுங்கள். விளக்கத்தை மட்டும் படித்து, எழுத்துப்பிழையின்றிச் சொல்லை எழுதட்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் ஐம்பது சொல் படிப்பது வீண் உழைப்பு. படித்தது முதல் சில மணி நேரத்திலும் நாள்களிலும்தான் மிக வேகமாக மறக்கிறது என்பதை ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹவுஸ் 1885இலேயே தம்மீதே சோதித்துக் காட்டினார். 1972இல் செபாஸ்டியன் லைட்னர் விளக்கிய அட்டைப் பெட்டி முறை இதற்கு எளிய மருந்து. அட்டையின் ஒரு பக்கம் சொல், மறுபக்கம் விளக்கமும் வாக்கியமும். பெட்டிக்குள் மூன்று அறைகள். புது அட்டைகள் முதல் அறையில் இருக்கும், தினமும் பார்க்க வேண்டும். சரியாகச் சொன்ன அட்டை இரண்டாம் அறைக்குப் போகும், மூன்று நாளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். மூன்றாம் அறை வாரத்துக்கு ஒருமுறை. எந்த அறையில் தவறினாலும் அட்டை முதல் அறைக்கே திரும்பும். பழைய காலணிப் பெட்டி ஒன்றில் அட்டைத் தடுப்பு வைத்தால் பெட்டி தயார்.

எந்தச் சொற்களைத் தேர்ந்தெடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். கட்டுரையில் மதிப்பெண் வாங்கித் தரும் என்று 'பாம்பாஸ்டிக்' (பகட்டான) சொற்பட்டியல்களைப் பெற்றோர் ஒருவருக்கொருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்கிறோம். பிள்ளை படிக்கும் கதையிலோ பாடத்திலோ இல்லாத சொல்லை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்து மனப்பாடம் செய்தால், அதை மறுபடி சந்திக்கும் வாய்ப்பே குறைவு. 'அலைட்' என்ற சொல்லைப் பாருங்கள். இறங்குவதைக் குறிக்கும் கொஞ்சம் சம்பிரதாயமான ஆங்கிலச் சொல் அது. எம்ஆர்டி ரயில் அறிவிப்பில் அடிக்கடி கேட்டுக் கேட்டு இங்குள்ள சின்னப் பிள்ளைகளுக்கும் அது தெரியும். யாரும் கோடு போட்டுச் சொல்லித்தரவில்லை. ஒரே சொல்லைப் பல முறை, பொருள் புரியும் சூழலில் சந்திக்க நூலகப் புத்தகத்தைவிட மலிவான வழி இல்லை. அங்கே கண்ட சொற்களே அட்டைக்கு வரட்டும்.

ஆங்கிலம் சரளமாக வராத அம்மா, அப்பா, பாட்டி எவரும் இந்தப் பயிற்சியிலிருந்து ஒதுங்கத் தேவையில்லை. விளக்கத்தை ஒரே சொல்லாக மொழிபெயர்க்கச் சொல்லாமல், "இந்தச் சொல்லை எப்போ சொல்லுவே, யாரைப் பத்திச் சொல்லுவே?" என்று தமிழிலேயே கேளுங்கள். பிள்ளை இரண்டு மூன்று வாக்கியத்தில் சூழ்நிலையை விவரித்தால் பொருள் பிடிபட்டிருக்கிறது. புத்தக விளக்கத்தையே கிளிப்பிள்ளை போல ஒப்பித்தால் அந்த அட்டை முதல் அறையிலேயே இருக்கட்டும்.