புறநகரில் வீடு பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புறநகரில் தனி வீடு வாங்க முனையும் குடும்பங்கள் பெரும்பாலும் அறைகளை அளந்து, அலமாரிகளைத் திறந்து பார்த்துவிட்டு, மதிலுக்கு வெளியே உள்ளவற்றை வாசலில் நின்றபடி ஒரு பார்வையில் முடித்துக்கொள்கின்றன. சமையலறையைப் பிறகு இடித்துக் கட்டலாம்; தெருவின் மட்டத்தையும் பள்ளிக்குள்ள தொலைவையும் எவ்வளவு செலவழித்தாலும் மாற்ற முடியாது.

மனையை வெயில் நாளில் மட்டும் பார்த்து முடிவெடுப்பது இவற்றில் மிகவும் செலவு வைக்கும் தவறு. பெருமழைக்கு மறுநாள் சென்றால், தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது, பக்கத்து மதில்களில் சேற்றுக் கறை எந்த உயரம்வரை ஏறியிருக்கிறது என்பவை தாமாகவே தெரியும். 100 சதுர மீட்டர் கூரையின் மேல் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர் தண்ணீர் இறங்குகிறது. கூரைக் குழாய் அதை அஸ்திவாரத்தின் ஓரத்திலேயே கொட்டினால் சுவர் ஈரம் காக்காமல் வேறென்ன செய்யும்? சுவரிலிருந்து முதல் 10 அடிக்குள் தரை குறைந்தது 6 அங்குலம் வெளிப்புறமாகச் சரிந்திருக்க வேண்டும் என்பது கட்டுமானத்தில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. இதை அறியாமல் சுவரை ஒட்டி மண் மேடு கட்டிப் பூச்செடி வைப்பவர்களும், முற்றம் முழுவதும் சிமெண்ட் பூசித் தண்ணீரை வீட்டுப் பக்கமே திருப்பிவிடுபவர்களும் உண்டு.

களிமண் நிலத்தில் கூடுதல் கவனம் தேவை, ஏனெனில் அது ஈரத்தில் உப்பி, காய்ந்தால் சுருங்கும். ஜன்னலின் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலும், அதன்மேல் மட்டும் புதிதாக அடித்த வண்ணமும் கண்ணில் பட்டால் கட்டுமானப் பொறியாளரை அழைத்துக் காட்டாமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. சுவருக்கு அருகில் பெரிய மரம் நின்றால் உடனே வெட்டிவிடுவதும் தவறுதான்: அது உறிஞ்சிவந்த ஈரம் மண்ணிலேயே தங்கி, தரை மெல்ல மேலெழும்பிப் புதிய விரிசல்களைத் தரக்கூடும்.

அடுத்தது தொலைவு. 1929-இல் அமெரிக்கத் திட்டமிடலாளர் கிளாரன்ஸ் பெர்ரி, தொடக்கப் பள்ளியை நடுவில் வைத்து, வீடுகளிலிருந்து ஏறத்தாழ கால் மைல் நடையில் அதை அடையும்படியும், பெரிய சாலைகள் குடியிருப்பின் ஓரத்தோடு போகும்படியும் ஒரு குடியிருப்பு வடிவத்தை முன்வைத்தார். அந்தக் கால் மைல், அதாவது சுமார் 400 மீட்டர், இன்றும் நல்ல அளவுகோல்; ஆனால் அதை வரைபடத்தில் நேர்கோடாக அளந்துவிடக் கூடாது. முட்டுச்சந்துகள் நிறைந்த குடியிருப்பில், பின்மதிலுக்கு அப்பாலேயே தெரியும் பள்ளிக்குச் சுற்றிச் செல்ல வேண்டியிருக்கும். நடைபாதையும் இல்லையென்றால், பிள்ளைகளை வண்டியில் கொண்டுபோய் விடுவது பெற்றோரின் அன்றாட வேலையாகிவிடும். விளம்பரத்தில் சொல்லும் பயண நேரமும் சாலை காலியாக இருக்கும்போது எடுத்ததாகவே இருக்கும் என்பதால், வேலை நாளின் காலை நெரிசலில் ஒருமுறை தாமே சென்று பார்ப்பது நல்லது.

பக்கத்து வெற்று நிலத்தை நிரந்தரப் பசுமையாக எண்ணி அதற்கும் சேர்த்து விலை கொடுப்பவர்கள் பலர். அந்த நிலம் குடியிருப்புக்கா, தொழிற்கூடத்துக்கா, சாலை விரிவாக்கத்துக்கா ஒதுக்கப்பட்டுள்ளது என்பதை விற்பவரிடம் கேட்பதில் பயனில்லை. உள்ளாட்சி அலுவலகத்தின் நிலப்பயன்பாட்டு வரைபடத்தில் பார்த்து உறுதிசெய்துகொண்ட பின்னரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும்.