சுவிஸிலிருந்து ஊருக்குப் போகிறீர்களா? பல்லுக்கும் ஒரு திட்டம் போடுங்கள்

யாழ்ப்பாணத்தில் ஒரு நாளில் நாலு வீட்டுக்குப் போனால் நாலு தேத்தண்ணி. சீனி குறைக்கச் சொன்னாலும் மாமி போடுவது போடுவதுதான். பக்கத்தில் பயற்றம் உருண்டை, எள்ளுருண்டை. தொடாமல் எழும்பினால் "வெளிநாடு போய் மாறிட்டினம்" என்பார்கள். சரி, சாப்பிடுங்கள். ஆனால் பல் சொத்தையாவதில், எவ்வளவு சீனி என்பதைவிட எத்தனை தரம் வாய்க்குள் போகிறது என்பதுதான் பெரிய விஷயம். ஒவ்வொரு தரமும் கிருமிகள் சீனியை அமிலமாக்கும். உமிழ்நீர் அதை ஆற்ற அரை மணித்தியாலமளவு வேண்டும். ஒரு கோப்பையை ஒரு மணித்தியாலம் உறிஞ்சிக்கொண்டிருந்தால் அந்த அவகாசமே கிடைக்காது. குடிப்பதைக் குடித்து முடித்துவிட்டு, தண்ணீரால் கொப்பளியுங்கள். பனங்கட்டி கடித்துக் குடித்தாலும் இதே கதைதான்; பனையிலிருந்து வந்தது என்று பல்லுக்குத் தெரியாது.

கலியாண வீட்டால் நடுச்சாமத்தில் வந்து அப்படியே சரிவதுதான் விடுமுறையில் கெட்ட பழக்கம். தூக்கத்தில் உமிழ்நீர் குறையும் என்பதால், காலையில் தவறினாலும் இரவில் தவறக்கூடாது. இரண்டு நிமிடம் தீட்டி, நுரையைத் துப்பிவிட்டு, தண்ணீரால் கழுவாமல் விடுங்கள். பற்பசையில் உள்ள, சொத்தையைத் தடுக்கும் புளோரைட் பல்லில் தங்கட்டும். அங்கே பற்பசை வாங்கினால் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பெரியவர்களுக்கு 1000 முதல் 1500 பிபிஎம் (ppm, பத்து இலட்சத்தில் இத்தனை பங்கு) புளோரைட் இருக்க வேண்டும். சில மூலிகைப் பற்பசைகளில் அது இருப்பதே இல்லை. உமிக்கரி ஊர் ஞாபகத்துக்கு நல்லது, பல்லின் மேற்படையான எனாமலுக்கு நல்லதல்ல.

தேங்காய்ப்பூவும் இறைச்சி நாரும் பல்லிடுக்கில் சிக்கினால் ஊசியால் குத்தாதீர்கள். இடுக்குப் பிரஷ் உங்கள் பல்லுக்கான அளவில் அங்கே கிடைப்பது நிச்சயமில்லை, கொண்டு போங்கள். பிள்ளையின் ரிட்டெய்னரை (நேராக்கிய பல் திரும்ப நகராமல் போடும் கருவி) வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் விடாதீர்கள், வளைந்துவிடும். டிஷ்யூவில் சுற்றி மேசையில் வைத்தால் வாழை இலையோடு போய்விடும்.

வவுனியாப் பக்கம் கனநாள் தங்குபவர்கள் கவனிக்க: அங்கே சில கிணறுகளில் இயற்கையாகவே புளோரைட் அதிகம். கொதிக்க வைத்தாலும் அது குறையாது. நிலையான பற்கள் உருவாகும் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அளவு கூடினால் பல்லில் கறைகள் விழும். போத்தல் தண்ணீர் கொடுங்கள். மூன்று வயதுக்குக் கீழ் அரிசியளவு, அதற்கு மேல் பட்டாணியளவு பற்பசை போதும், விழுங்க விடாதீர்கள்.

சுவிஸில் அடிப்படைக் காப்புறுதி சாதாரண சொத்தைக்குப் பணம் தராது. அதனால் பலர் ஊரில் பல் வேலையை முடிக்கப் பார்க்கிறார்கள். அப்படியென்றால் முதல் வாரமே போங்கள். வேர்ச் சிகிச்சைக்கும் பல்லுறைக்கும் பல தடவை போக வேண்டி வரும், கடைசி வாரத்தில் தொடங்கினால் பாதியில் விமானம் ஏற நேரும். வைத்தியர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். எக்ஸ்ரே படத்தையும், என்ன பொருள் வைத்து அடைத்தார்கள் என்ற குறிப்பையும் கைத்தொலைபேசியில் படமெடுத்து வாருங்கள். இங்கே வந்தபின் அதே படத்துக்கு மறுபடி கட்டணம் கட்டத் தேவைப்படாமல் போகலாம்.