பாக்டீரியாவின் கட்டமைப்பு நிறமும் அதன் மரபணுக்களும்: தொடக்கநிலையினருக்கான செய்முறை

சம்பா வயலில் தேங்கிய நீரின்மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதப்பதைக் காவிரிப் படுகையில் பலரும் கண்டிருப்பர். குச்சியால் தொட்டதும் அது எண்ணெயைப் போல மீண்டும் ஒன்றுசேராமல் சில்லுகளாக உடையுமானால், இரும்பை ஆக்சிஜனேற்றும் பாக்டீரியாக்கள் உண்டாக்கிய இரும்பு ஆக்சைடுப் படலமாக அது இருக்கக்கூடும். நாம் இங்கே தேடுவது வேறு. கோல் வடிவச் செல்கள் அறுகோண ஒழுங்கில் நெருங்கி அடுக்கப்படும்போது, அந்த அடுக்கே ஒளியைப் பிரித்துக் காட்டும் ‘கட்டமைப்பு நிறம்’ அது. நிறமி இல்லாமலே தோன்றும் நிறமாதலால், செல்களை அவ்வாறு அடுக்கிவைக்கும் மரபணுக்களையே ஆராய வேண்டும்.

முதலில் மாதிரி. இந்நிறத்தைக் காட்டும் ஃபிளாவோபாக்டீரியம் ஐஆர்1 என்னும் பெயர்பெற்ற பாக்டீரிய வகை, நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகப் பகுதியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. ஆகவே நன்னீரும் உவர்நீரும் கலக்கும் பூம்புகார் முகத்துவாரச் சேற்றிலிருந்து தொடங்குவது பொருத்தமானது. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டிற்குள் செல்வதாயின் வனத்துறையின் அனுமதி தேவை.

அடுத்து, கடலுப்பும் மிகக் குறைந்த ஊட்டமும் கொண்ட அகாரில் (பாக்டீரியா வளர்க்கும் கூழ்) நைக்ரோசின் என்னும் கருஞ்சாயத்தைக் கலந்து பெட்ரித் தட்டில் ஊற்றி, நீர்த்த மாதிரியைப் பரப்புக. பின்னணி கறுப்பாக இருந்தால்தான் மங்கிய மினுமினுப்பும் கண்ணுக்குப் புலப்படும். இன்ன பாக்டீரியா என்று தெரியாதவற்றை வளர்ப்பதால், இவ்வேலையைக் கல்லூரி நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் மட்டுமே செய்க. பயன்படுத்திய தட்டுகளை 121 டிகிரி செல்சியஸில் ஆட்டோகிளேவ் செய்த (அழுத்த நீராவியில் கிருமிநீக்கிய) பிறகே அப்புறப்படுத்துக.

காலனிகள் (செல்கள் பெருகி உண்டாகும் திட்டுகள்) வளர்ந்தபின் விளக்கொளியைச் சாய்வாகப் பாய்ச்சித் தட்டை மெல்லத் திருப்புக. கோணம் மாற மாற நிறமும் மாறினால், அந்தக் காலனியின் ஒரு பகுதியை லூப் என்னும் வளையமுனைக் கம்பியால் தேய்த்துக் கலைத்துப் பாருங்கள். அடுக்கு குலைந்ததும் நிறம் மறைந்தால் அது கட்டமைப்பு நிறம். தேய்த்த இடத்திலும் அதே மஞ்சளோ சிவப்போ நீடித்தால் நிறமி. (ஃபிளாவோபாக்டீரியங்களில் மஞ்சள் நிறமியும் பரவலாக உண்டு என்பதால் இரண்டும் சேர்ந்தே இருக்கலாம், அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம்.)

இனி மரபணு. டிரான்ஸ்போசான் என்னும் தாவும் டிஎன்ஏ துண்டைப் பாக்டீரியாவிற்குள் செலுத்தினால், அது மரபணுத்தொகுதியில் ஏதேனும் ஓரிடத்தில் செருகிக்கொண்டு, அங்குள்ள மரபணுவைச் செயலிழக்கச் செய்யும். இதற்கு நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதலை முன்னதாகவே பெற்றிருக்க வேண்டும். நிறம் மாறிய அல்லது மங்கிய காலனிகளை மட்டும் பொறுக்கியெடுத்து, செருகலுக்கு இருபுறமும் உள்ள டிஎன்ஏ வரிசையைப் படித்து, என்சிபிஐ என்னும் பொது மரபணுத் தரவுத்தளத்தில், ஒத்த வரிசைகளைக் கண்டறியும் பிளாஸ்ட் தேடலால் ஒப்பிடுக. 2018இல் ஐஆர்1 வகையை இம்முறையில் ஆராய்ந்தபோது, சறுக்கி நகர்தலுக்கும் செல் வடிவத்திற்கும் உரிய மரபணுக்களோடு, பட்டினிக்காலத்தில் செல் காட்டும் எதிர்வினைக்கும் டிஆர்என்ஏ (புரத உருவாக்கத்திற்கு அமினோ அமிலங்களைக் கொண்டுவரும் மூலக்கூறு) அடையும் வேதிமாற்றத்திற்கும் உரியவையும் நிறத்தைப் பாதிப்பது தெரிந்தது. செல்கள் நகர்ந்தே வரிசையில் அமைவதால் முதலிரண்டும் எதிர்பார்க்கத்தக்கவை; பின்னிரண்டுமே என் பார்வையில் சுவையானவை.

கடைசியாக, பழுதுபடாத அதே மரபணுவைப் பிளாஸ்மிட் என்னும் சிறு வட்ட டிஎன்ஏ வழியாகத் திரும்பச் செலுத்திப் பாருங்கள். பழைய நிறம் மீண்டால் மட்டுமே நிறமாற்றத்திற்குக் காரணம் அந்த மரபணுதான் என்று எழுதலாம். மீளாவிட்டால், செருகல் அண்டை மரபணுவையும் முடக்கியிருக்கிறதா என்று சோதிக்க வேண்டும்.